வெப்பம், தண்ணீர், இரும்பு: ஃபைனைட் எலிமெண்ட் கணக்கு பற்றிக் கொங்குப் பட்டறைகளில் கேட்கும் கேள்விகள்

பம்ப், மோட்டார், வார்ப்படம், பாய்லர், சாயப்பட்டறை என்று கோவையைச் சுற்றி வெப்பமும் தண்ணீரும் புழங்காத தொழில் குறைவு. இவற்றுக்கான கணினிக் கணக்குகளைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அலுவலகம் பீளமேட்டுப் பக்கம். பட்டறை வைத்திருப்பவர்கள், டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இறுதியாண்டு ப்ராஜெக்டோடு வரும் மாணவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சூளைச் சுவர்க் கணக்கை மட்டும் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஃபைனைட் எலிமெண்ட் முறை என்றால் என்ன?

நம் ஊர் சர்வேயர் செய்வதுதான். கோணல்மாணலான ஒரு தோட்டத்தின் பரப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் நிலத்தின் எஃப்.எம்.பி. படத்தை (நில அளவைப் பதிவேட்டுப் படம்) எடுத்துப் பாருங்கள். நடுவே கோடுகள் இழுத்து, நிலத்தை முக்கோணங்களாகவும் நாற்கரங்களாகவும் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் பரப்பும் பள்ளிக்கூடக் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த நிலம்.

இங்கேயும் பம்ப் கேசிங்கையோ மோட்டாரையோ சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். துண்டுக்கு எலிமெண்ட் என்று பெயர், துண்டுகள் சந்திக்கும் புள்ளிக்கு நோடு, மொத்த வலைக்கு மெஷ். ஒரு துண்டுக்குள் வெப்பநிலை நேர்கோட்டில் மாறுகிறது என்று எளிமையாக வைத்துக்கொள்கிறோம். பக்கத்துத் துண்டும் அதே நோடைப் பகிர்ந்துகொள்வதால் எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடுகிறது. கடைசியில் கையில் இருப்பது நோடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற சமன்பாடுகள். அவற்றைத் தீர்ப்பது கணினியின் வேலை. தமிழ்ப் பாடநூல் வழக்கில் இதை முடிவுறு கூறு முறை என்று சொல்லலாம். பட்டறையில் எல்லோரும் எஃப்.இ.ஏ. (ஃபைனைட் எலிமெண்ட் அனாலிசிஸ்) என்பார்கள்.

இது எப்போது வந்தது?

வெப்பக் கடத்தலின் சமன்பாட்டை ஃபூரியே 1822-ல் நூலாக வெளியிட்டார். முக்கோணத் துண்டுகளை வைத்துத் தீர்க்கும் யோசனையை 1943-ல் கூரன்ட் எழுதினார். 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமானக் கட்டமைப்புக்காக இதை வளர்த்தார்கள். ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரைக் கிளஃப் 1960-ல் வைத்தார். 1965-ல் ஜின்கிவிச்சும் சியுங்கும் இதே முறை வெப்பக் கடத்தல் போன்ற கணக்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டினார்கள். ஆக, இரும்பு எவ்வளவு வளையும் என்று பார்க்க வளர்ந்த முறைதான் வெப்பத்துக்கும் வந்தது.

கணினி இல்லாமல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். ஒரு சூளைச் சுவரை எடுத்துக்கொள்வோம். உள்ளே 230 மில்லி (மில்லிமீட்டர்) தீச்செங்கல், வெளியே 115 மில்லி இன்சுலேஷன் செங்கல். தீச்செங்கலின் வெப்பக் கடத்துதிறன் 1.2, இன்சுலேஷனுக்கு 0.2 (மீட்டருக்கு, டிகிரிக்கு, வாட் கணக்கில்). உட்பக்கம் 900 டிகிரி, வெளிக்காற்று 35 டிகிரி. வெளிச்சுவரிலிருந்து காற்றுக்கு, சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 10 வாட் போகிறது என்று வைப்போம்.

ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்துக்கு ஒரு தடை. தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் தடை கிடைக்கும். தீச்செங்கலுக்கு 0.192, இன்சுலேஷனுக்கு 0.575, காற்றுப் பரப்புக்கு 0.1. மொத்தம் 0.867. வெப்பநிலை வித்தியாசம் 865 டிகிரி. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக வெளியேறுவது கிட்டத்தட்ட 1000 வாட். இரண்டு செங்கலும் சேரும் இடத்தில் சுமார் 709 டிகிரி, வெளிச்சுவரில் சுமார் 135 டிகிரி.

இதையே இரண்டு எலிமெண்ட் வைத்து மென்பொருளில் போட்டால் இதே எண்கள் இம்மி பிசகாமல் வரும். அடுக்குக்குள் வெப்பநிலை உண்மையிலேயே நேர்கோட்டில் இறங்குவதால் இரண்டு போதும், இரண்டாயிரம் தேவையில்லை.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். ஆடிக்காற்று நன்றாக அடிக்கிறது, அதனால் காற்றுக்குப் போகும் எண் 10 இல்லை, 25. காற்றுப் பரப்பின் தடை 0.04 ஆகிறது. வெளியேறும் வெப்பம் 1072 வாட், ஏழு சதவீதம்தான் கூடுகிறது. வெளிச்சுவரோ 135 டிகிரியிலிருந்து 78 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விறகுச் செலவு தெரிய வேண்டுமென்றால் காற்றின் எண்ணைத் தோராயமாகப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆள் கை பட்டால் சுடுமா என்று தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரு எண்தான் எல்லாமே. எந்த எண்ணைத் துல்லியமாகத் தேட வேண்டும் என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. இதை மென்பொருள் சொல்லித் தராது.

அந்தக் காற்றின் எண், தண்ணீரின் எண் எல்லாம் எங்கிருந்து வரும்?

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானது. பொருளின் எல்லையில் என்ன நடக்கிறது என்று நாம் சொல்வதை எல்லை நிபந்தனை என்கிறோம். அசைவில்லாத காற்றுக்கு அந்த எண் 5 முதல் 25 வரை. ஃபேன் வைத்தால் நூற்றைத் தாண்டலாம். ஓடும் தண்ணீருக்குச் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை. இவ்வளவு அகலமான வீச்சில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நூல்களில் சூத்திரங்கள் உண்டு, அவை நல்ல தொடக்கம். ஆனால் அந்த இடத்தில் காற்றோ தண்ணீரோ உண்மையில் எப்படிப் போகிறது என்பதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இது உறைத்த இடத்தைச் சொல்கிறேன்.

ஒரு பம்ப் பட்டறைக்காகப் பத்து குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டாரின் வெப்பக் கணக்கைப் போட்டிருந்தேன். மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துப் போட்டதில் காயிலின் வெப்பம் சௌகரியமான அளவில் வந்தது. ஆனால் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே மோட்டார் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எரிந்துபோனது. கம்பி சரியில்லை, வோல்டேஜ் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் நேரில் போனேன். தோட்டத்துக்காரர், அறுபது வயதிருக்கும், போர்வெல் போட்ட அன்று, துளை போட வந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க நின்றவர். அவர் சொன்னது இது: “ஏனுங்க தம்பி, ஊத்து அறநூறு அடியிலதானுங்க கெடச்சுது. அதுக்குக் கீழ ஒரு பொட்டுத் தண்ணி இல்லீங்க. மோட்டார எட்நூறுல எறக்கி வெச்சிருக்குது. தண்ணி மேல இருந்துதானுங்க வுளுகுது.”

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில், பம்ப் மேலே, தண்ணீர் உறிஞ்சும் வாய் இரண்டுக்கும் நடுவில். ஊற்று கீழே இருந்தால் தண்ணீர் மோட்டாரைத் தழுவிக்கொண்டு மேலே வந்து வாய்க்குள் போகும். ஊற்று மேலே இருந்தால் தண்ணீர் நேராக இறங்கி வாய்க்குள் புகுந்துவிடும். மோட்டாரைச் சுற்றி இருக்கும் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும்.

எண்களைப் பார்ப்போம். அந்த அளவு மோட்டாரில் வெப்பமாக வீணாவது சுமார் 2.1 கிலோவாட். மோட்டார் 140 மில்லி, போர் ஆறரை அங்குலம், மோட்டாரின் நீளம் ஒரு மீட்டர் என்று வைத்தால் இடைவெளியில் நிற்பது ஆறே லிட்டர் தண்ணீர். வெப்பம் வேறெங்கும் போகாவிட்டால் அந்த ஆறு லிட்டர் நிமிஷத்துக்கு ஐந்து டிகிரி ஏறும். பாறைக்கும் மேல் தண்ணீருக்கும் கொஞ்சம் போகும் என்பதால் இதே வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்காது, ஆனால் திசை தெரிகிறது. அதே இடைவெளியில் விநாடிக்கு 2.3 லிட்டர் ஓடியிருந்தால் அந்தத் தண்ணீர் சூடாவது 0.2 டிகிரி மட்டுமே. தண்ணீர் நிரப்பிய மோட்டாரின் காயில் கம்பியில் பி.வி.சி. உறை இருந்தால் அது தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி அளவுதான்.

என் மெஷ் நன்றாக இருந்தது. சமன்பாடு சரி. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை, அதுதான் தப்பு. மோட்டாரைச் சுற்றி ஒரு உறைக்குழாய் மாட்டி, தண்ணீர் கீழே இறங்கி மோட்டாரைத் தடவிக்கொண்டே மேலே ஏறும்படி செய்தோம். அதற்கப்புறம் அந்த மோட்டார் ரீவைண்டிங்குக்கு வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் போர்வெல் கணக்கு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ஊற்று எத்தனை அடியில் என்பது.

வார்ப்படம் ஆறுவதைக் கணக்கிட முடியுமா? சொத்தை (உள்ளே விழும் வெற்றிடம்) எங்கே விழும் என்று தெரியுமா?

தெரியும், ஓரளவுக்கு நன்றாகவே. உருகிய வார்ப்பிரும்பை 1350 முதல் 1400 டிகிரியில் ஊற்றுகிறோம். 1150 டிகிரி வாக்கில் உறைகிறது. உறையும்போது உள்ளுறை வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அது ஏறக்குறைய அதே இரும்பு 300 டிகிரி ஆறும்போது விடும் வெப்பத்துக்குச் சமம். கணக்கில் இதை விட்டுவிட்டால் வார்ப்படம் உண்மையில் ஆறுவதைவிட வெகு சீக்கிரமாக ஆறியதாகக் காட்டும். மாணவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வெப்பநிலைக்குப் பதிலாக மொத்த வெப்ப உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் தீரும், பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வழி இருக்கிறது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் க்வோரினோவ் 1940-ல் சொன்ன விதியைப் போட்டுப் பாருங்கள். வார்ப்படத்தின் கன அளவை அதன் மேற்பரப்பால் வகுத்து, அதை இருமடியாக்கினால், உறையும் நேரம் அதற்கு நேர்விகிதம். 20 மில்லி தகடு உறைவதைவிட 40 மில்லி தகடு உறைய நான்கு மடங்கு நேரம். ரைசர் (சுருங்கும் வார்ப்படத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் பகுதி) வார்ப்படத்துக்குப் பின்னால்தான் உறைய வேண்டும் என்று மேஸ்திரி சொல்வது இந்த விதியைத்தான். கணினி இதற்கு நேர்மாறாக ஏதாவது காட்டினால், கணினியில் நீங்கள் கொடுத்ததைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. அலுமினியத்தை இரும்பு டையில் (அச்சில்) ஊற்றும்போது, உறைந்து சுருங்கும் அலுமினியம் டையின் சுவரைவிட்டு விலகும். இடையில் மயிரிழை அளவு காற்று புகும். காற்றின் கடத்துதிறன் 0.026, அலுமினியத்துடையது 200 வாக்கில். அந்த மயிரிழை, வெப்பத்துக்கு ஒரு பெரிய மதில். இரண்டும் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு உதவாது.

மெஷ் எவ்வளவு பொடியாக இருக்க வேண்டும்?

விடை மாறாத வரை பொடியாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூன்று மெஷ் போடுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி அளவு. நீங்கள் தேடும் எண் மூன்றாவதில் ஒரு சதவீதம்கூட நகரவில்லை என்றால் இரண்டாவதே போதும். அளவைப் பாதியாக்கினால் முப்பரிமாணத்தில் எலிமெண்டுகள் எட்டு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. உட்பக்கம் கூர்மையான மூலை இருந்தால் அங்கே தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், மெஷ் பொடியாகப் பொடியாக ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. வெப்பநிலை நிலைத்துவிடும், ஸ்ட்ரெஸ் நிலைக்காது. கூர்மூலைக்கு அந்தச் சமன்பாட்டில் விடை முடிவிலி என்பதுதான் காரணம். உண்மையான வார்ப்படத்தில் அங்கே ஒரு ரேடியஸ், அதாவது சின்ன வளைவு, இருக்கும். அதை வரைபடத்திலும் கொடுங்கள்.

டைம் ஸ்டெப் எவ்வளவு சிறிதாக வைப்பது? சிறிதாக வைத்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. நேரத்தோடு மாறும் கணக்கைக் கணினி சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகத் தாவிப் போடுகிறது, ஒரு தாவலுக்கு டைம் ஸ்டெப் என்று பெயர். எஃகுத் துண்டில் 5 மில்லி எலிமெண்ட் என்று வைப்போம். நேரடி முறையில், அதாவது இப்போதைய வெப்பநிலையை மட்டும் வைத்து அடுத்ததைக் கணக்கிட்டால், ஒரு விநாடிக்கு மேல் ஸ்டெப் போகக் கூடாது, போனால் எண்கள் வெடித்துவிடும். எலிமெண்டைப் பாதியாக்கினால் ஸ்டெப் கால்பங்காகும்.

அடுத்த ஸ்டெப்பின் வெப்பநிலைகளை எல்லாம் சேர்த்துத் தீர்க்கும் மறைமுக முறையில் வெடிக்காது. ஆனால் அங்கே வேறொரு விசித்திரம். அதே 5 மில்லி எலிமெண்டில் ஸ்டெப்பை 0.3 விநாடிக்குக் கீழே கொண்டுபோனால், திடீரென்று குளிர்விக்கப்படும் பரப்புக்கு அடுத்த நோடு, ஆறுவதற்குப் பதிலாக முதலில் கொஞ்சம் சூடேறியதாகக் காட்டும். 900 டிகிரித் துண்டைத் தண்ணீரில் போட்டால் உள்ளே 910 டிகிரி! இயற்கையில் அப்படி நடக்காது. மேற்பரப்புக்கு அருகில் மெஷ்ஷைப் பொடியாக்குங்கள், அல்லது ஒவ்வொரு எலிமெண்டின் வெப்பக் கொள்ளளவையும் அதன் நோடுகளில் குவித்து வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். வெப்ப அதிர்ச்சிக் கணக்கு போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள்.

சூடானால் பொருள் விரிசல் விடுமா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் வெப்பநிலைக் கணக்கு, அப்புறம் அந்த வெப்பநிலையை உள்ளிட்டுக் கட்டமைப்புக் கணக்கு. பொருள் கொஞ்சம் வளைவதால் வெப்பம் ஓடும் விதம் பெரிதாக மாறாது என்பதால் ஒருவழிப் பாதையே போதும். கைக்கணக்கு: வார்ப்பிரும்பை நகரவிடாமல் முழுக்கக் கட்டிவைத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.2 மெகாபாஸ்கல் ஏறும். 100 டிகிரிக்கு 120. எஃப்.ஜி. 200 என்ற தர வார்ப்பிரும்பின் இழுவலிமை 200 என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் ஓட்டத்துக்கும் ஃபைனைட் எலிமெண்ட் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஓடும் தண்ணீர் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சாதாரண முறையில் போட்டால் விடை அலைஅலையாக நடுங்கும். ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கும் முறையை புரூக்ஸும் ஹ்யூஸும் 1982-ல் முழுமையாக எழுதினார்கள். அதைப் போட்டால் நடுக்கம் அடங்கும். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே வகை எலிமெண்ட் போட்டால் அழுத்தப் படம் சதுரங்கப் பலகை மாதிரி வரும், அதற்கும் தனி மருந்து உண்டு. ஓட்டத்துக்கு ஃபைனைட் வால்யூம் முறையைத்தான் (ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வருவதையும் போவதையும் எண்ணும் முறை) பலர் பயன்படுத்துகிறார்கள். நானும் பம்ப் உள்ளே ஓடும் தண்ணீருக்கு அதையே எடுப்பேன்.

எஃப்.எஸ்.ஐ. (ஃப்ளூயிட்-ஸ்ட்ரக்சர் இன்டராக்ஷன்) என்றால் என்ன? எப்போது தேவை?

தண்ணீரோ காற்றோ பொருளைத் தள்ளுகிறது. பொருள் அசைகிறது. அசைந்த பொருள் ஓட்டத்தை மாற்றுகிறது. மாறிய ஓட்டம் மறுபடி வேறு விதமாகத் தள்ளுகிறது. இந்தச் சுற்று முக்கியமாக இருக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பம்ப் கேசிங் அழுத்தத்தில் நூறில் ஒரு மில்லி விரிவதால் தண்ணீர் ஓட்டம் மாறப்போவதில்லை. அங்கே அழுத்தத்தைக் கணக்கிட்டு கேசிங்கில் ஏற்றினால் முடிந்தது வேலை. ஆனால் மெல்லிய தகடு, நீளமான குழாய், காற்றாலை இறக்கை, உயரமான சிம்னி இவற்றுக்கு இரண்டுவழிப் பாதை வேண்டியிருக்கும்.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் பாய்லர் சிம்னியை அண்ணாந்து பாருங்கள். சிலவற்றின் மேல் பகுதியில் திருகுபோல ஒரு பட்டை சுற்றியிருக்கும். அழகுக்காக வைத்ததில்லை. வட்டமான சிம்னியைக் காற்று கடக்கும்போது இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிகின்றன. ஒரு விநாடிக்கு எத்தனை என்றால், காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்குங்கள். ஒரு மீட்டர் விட்டம், விநாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் இரண்டு தடவை. சிம்னியின் சொந்த அதிர்வெண்ணும் இரண்டாக இருந்துவிட்டால் சிம்னி காற்றுக்குக் குறுக்கே ஆட ஆரம்பிக்கும். திருகுப் பட்டை அந்தச் சுழல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் பிரியாமல் கலைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் மாதக்கணக்கில் ஒரே திசையில் அடிக்கும். அங்கே உயரமாக எதையாவது நட்டு வைப்பவர்கள் இந்தப் பெருக்கல் கணக்கை முதலில் போட வேண்டும்.

பம்பை நிறுத்தும்போது பி.வி.சி. பைப் ஏன் வெடிக்கிறது?

இது நம் பக்கத்துத் தோட்டங்களில் அன்றாடம் நடக்கும் எஃப்.எஸ்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறும். ஜுகோவ்ஸ்கி 1898-ல் தந்த சூத்திரம்: தண்ணீரின் அடர்த்தி, அழுத்த அலையின் வேகம், நின்றுபோன தண்ணீரின் வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். குழாயின் தன்மை இந்தக் கணக்குக்குள் வருவது அலையின் வேகத்தின் வழியாகத்தான். விறைப்பான குழாயில் அலை வேகமாக ஓடும், நெகிழும் குழாயில் மெதுவாக ஓடும்.

90 மில்லி குழாய், சுவர் 2.7 மில்லி என்று எடுத்துக்கொள்வோம். எஃகாக இருந்தால் அலையின் வேகம் விநாடிக்கு 1280 மீட்டர். பி.வி.சி.யாக இருந்தால் சுமார் 300 மீட்டர். தண்ணீர் விநாடிக்கு 1.5 மீட்டரில் ஓடி, சட்டென்று நின்றால் எஃகுக் குழாயில் 19 பார் ஏறும், பி.வி.சி.யில் 4.5 பார். பி.வி.சி.க்கு அடி குறைவுதான். ஆனால் அது ஆறு கிலோ பைப், அதாவது சுமார் ஆறு பார் அழுத்தத்துக்கானது. ஏற்கெனவே 3 பாரில் ஓடிக்கொண்டிருந்தால் மொத்தம் 7.5 ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து தடவை கரன்ட் போய்வந்தால் பத்து அடி. வெயிலில் கிடந்து வெளிறிய இடமோ, சொல்யூஷன் சரியாகப் பிடிக்காத ஜாயின்டோ ஒரு நாள் விட்டுவிடும்.

வால்வை எவ்வளவு மெதுவாக மூட வேண்டும்? அலை குழாயின் கடைசி வரை போய்த் திரும்பும் நேரத்தைவிட நன்றாக அதிகமாக. 300 மீட்டர் பி.வி.சி. லைனில் போய்த் திரும்ப இரண்டு விநாடி. கேட் வால்வை பத்துப் பதினைந்து விநாடி திருகினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பம்ப் நின்றதும் பின்னோக்கி வரும் தண்ணீரில் என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) பட்டென்று மூடுவதுதான் மோசம். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடும் ஸ்பிரிங் வகை வால்வும், மேட்டில் ஒரு ஏர் வால்வும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்கு முப்பரிமாண எஃப்.எஸ்.ஐ. மென்பொருள் தேவையே இல்லை, ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

தண்ணீருக்குள் இருக்கும் பொருளின் அதிர்வெண் ஏன் குறைகிறது?

பொருள் ஆடும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன 90 மில்லி பி.வி.சி. குழாய் மீட்டருக்கு ஒரு கிலோ. உள்ளே 5.6 கிலோ தண்ணீர். கிணற்றுக்குள் மூழ்கியிருந்தால் வெளியே சேர்ந்து ஆடும் தண்ணீர் இன்னும் 6.4 கிலோ. ஒரு கிலோ குழாய் 13 கிலோபோல நடந்துகொள்கிறது, அதிர்வெண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. திடமான எஃகுக் கம்பியை மூழ்கவைத்தால் ஆறு சதவீதம்தான் குறையும்.

கணக்கு போடுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. ஓட்டத்துக்கு ஒரு மென்பொருள், கட்டமைப்புக்கு ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரு முறை மட்டும் எண்களைப் பரிமாறிக்கொண்டால், பொருள் இலேசாகவும் தண்ணீர் கனமாகவும் இருக்கும் இடத்தில் கணக்கு வெடித்துவிடும். டைம் ஸ்டெப்பைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று நினைப்போம். அமுங்காத திரவமாக வைத்த கணக்கில் ஸ்டெப்பைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். ஒவ்வொரு ஸ்டெப்புக்குள்ளும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பப் பரிமாற வேண்டும், அதுதான் வழி. ஒரு வாரத்தை இதில் தொலைத்த மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் தவறில்லை, பாடத்தில் இதைச் சொல்லித் தருவது குறைவு.

இலவச மென்பொருள் இருக்கிறதா? சாதாரண லேப்டாப்பில் ஓடுமா?

வெப்பத்துக்கும் கட்டமைப்புக்கும் கால்குலிக்ஸ், பிரான்சிலிருந்து வரும் கோட் ஆஸ்டர். பலவகை இயற்பியலைச் சேர்த்துப் போட ஃபின்லாந்தின் எல்மர். ஓட்டத்துக்கு ஓபன்ஃபோம். இரண்டு மென்பொருள்களைக் கோர்க்க பிரீசைஸ். எல்லாமே இலவசம். வெப்பக் கணக்கில் நோடுக்கு ஒரே ஒரு அறியாத எண், அதனால் ஒரு லட்சம் நோடு சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஓட்டத்தில் நோடுக்கு நான்கு, அதுவும் நேரத்தோடு மாறும். அதற்குப் பெரிய கணினி நல்லது.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

முதலில் வரவு செலவு. உள்ளே போன வெப்பமும் வெளியே வந்த வெப்பமும் தங்கிய வெப்பமும் ஒத்துப்போகிறதா? வீட்டிலேயே இந்தக் கணக்கைப் பழகலாம். 750 வாட் மிக்சியில் ஒரு கிலோ மாவை நான்கு நிமிஷம் அரைத்தால் உள்ளே போனது 180 கிலோஜூல். அதில் பாதி மாவுக்குப் போகிறது என்று வைத்தாலும் மாவு 25 டிகிரி வாக்கில் சூடாக வேண்டும். தொட்டுப் பார்த்தால் அப்படித்தான் சுடும். கிரைண்டர் மாவு ஏன் அப்படிச் சுடுவதில்லை என்பதையும் இதே வழியில் போட்டுப் பாருங்கள்: வாட் குறைவு, மாவு அதிகம், ஆற நேரமும் அதிகம்.

அடுத்து கைக்கணக்கு, சூளைச் சுவரில் போட்டதுபோல. கணினியின் விடை அதற்கு ஒன்றரை, இரண்டு மடங்குக்குள் இருந்தால் நம்பிக்கையோடு மேலே போகலாம். பத்து மடங்கு விலகினால் பெரும்பாலும் அலகு தப்பு. மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு மீட்டரில் கடத்துதிறனைக் கொடுப்பது அன்றாடம் நடப்பது.

கடைசியாக அளவீடு. நூறு இரண்டு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கே வகை தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) நான்கு இடத்தில் வையுங்கள். எங்கே வைப்பது என்பதைக் கணினிப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெப்பநிலை வேகமாக மாறும் இடத்தைவிட, நீங்கள் ஊகித்த எல்லை எண்ணுக்கு அதிகம் அசையும் இடம் நல்லது. சூளைச் சுவரில் அது வெளிப்பரப்பு. இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பளபளக்கும் அலுமினியத்தைப் பார்த்தால் வெப்பநிலை வெகு குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் பாருங்கள். டேப் தாங்காத சூடாக இருந்தால் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்.

மாணவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு பரிமாணச் சுவரை மூன்று எலிமெண்டில் கையால் போடுங்கள், மேட்ரிக்ஸை நீங்களே சேர்த்துப் பாருங்கள். அதையே பைத்தானில் ஐம்பது வரியில் எழுதுங்கள். அப்புறம் பக்கத்துப் பட்டறைக்குப் போய், அங்கே உண்மையில் சூடாகும் ஒரு பொருளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பீளமேடு, கணபதி, குறிச்சிப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். ப்ராஜெக்டுக்காக எங்கோ இருக்கும் ராக்கெட் நாசிலை எடுத்தால், உங்கள் விடையை எதோடு ஒப்பிடுவீர்கள்? பக்கத்து சந்தில் இருக்கும் மோட்டாரென்றால் மதியமே போய்த் தெர்மோகப்பிள் ஒட்டிவிட்டு வரலாம்.